பூதம் பார்க்கும் மேசை

— பூதம்னு வரைஞ்சதுக்கு வேணும்னா மன்னிப்புக் கேக்குறேன் மேடம். ஆனா பூதங்ககிட்டதான் கேப்பேன்.

— நக்கலைக் கதவுக்கு வெளியில வெச்சுட்டு உக்காருங்கம்மா. எச்.ஆர்.னு பேர் போட்ட இந்த அறையில எத்தனையோ பஞ்சாயத்து பாத்துட்டேன். வாடிக்கையாளரோட கிடங்குப் படத்தைக் காட்ட வேண்டிய கூட்டத்துல, நம்ம ஆபீசையே குகையா வரைஞ்சு, மேனேஜர் அறையில கொம்பு வெச்ச பூதத்தை உக்கார வெச்ச ஆளை இப்பத்தான் பாக்குறேன்.

— கொம்பு நான் வெச்சதில்ல. அந்த மென்பொருள்ல பூதம்னா கொம்போடதான் வரும்.

— ரொம்ப முக்கியம். பாருங்கம்மா, விஷயம் சின்னது. நாளைக்குக் காலையில எல்லார் முன்னாடியும் எழுந்து நின்னு, தப்பான ஃபைல் திறந்துடுச்சு, அது வெறும் விளையாட்டு, யாரையும் குறிக்கலன்னு மூணு வார்த்தை சொல்லிடுங்க. முடிஞ்சு போகும்.

— அது மூணு வார்த்தை இல்ல மேடம், மூணு வாக்கியம். அதுல முதல் வாக்கியம்தான் உண்மை. அதுவும் பாதி.

— சொல்லலன்னா வேலை போகும். மிரட்டுறதா நெனைக்காதீங்க. மழை வரும்னு சொல்ற மாதிரி சொல்றேன்.

— குடை கொண்டு வந்திருக்கேன்.

— இது என்ன விளையாட்டுன்னு முதல்ல சொல்லுங்க. வளந்த ஆளுங்க சனிக்கிழமை மத்தியானம் ஸ்டோர் ரூம்ல உக்காந்து பொம்மை வெச்சு விளையாடுறீங்கன்னு வாட்ச்மேன் சொல்றார்.

— கதை விளையாட்டு மேடம். ஒருத்தர் கதையை நடத்துவார். இங்க அது நான். மத்தவங்க ஆளுக்கு ஒரு பாத்திரம். திருடி, வீரன், மந்திரவாதி. நம்ம டெஸ்பாட்ச் அண்ணன்தான் மந்திரவாதி. எந்தக் கதவைத் திறக்கிறதுன்னு அவங்க முடிவு பண்ணுவாங்க, திறந்துச்சா இல்லையான்னு பகடை முடிவு பண்ணும். கதவுக்குப் பின்னாடி என்ன இருக்குங்கிறது என் பொறுப்பு. அதுக்கு ஒரு வரைபடம் வேணும். அதை வரையத்தான் அந்த மென்பொருள்.

— டெஸ்பாட்ச் மந்திரவாதியா? அனுப்பின சரக்கு எங்க இருக்குன்னே அவருக்குத் தெரியாது.

— அதனாலதான் மறைய வைக்கிற மந்திரம் மட்டும் அவருக்கு நல்லா வருது.

— சிரிக்க வைக்காதீங்க, நான் கோவமா இருக்கேன். குகை வேணும்னா குகை வரைய வேண்டியதுதானே? நம்ம ஆபீஸ் எதுக்கு?

— தெரிஞ்ச இடம்னா விளக்க வேண்டாம். "இடது பக்கம் விஷச் சுனை"ன்னு சொன்னா தண்ணி கேன்னு எல்லாருக்கும் புரிஞ்சுடும். ஆனா நான் கிடங்குக்குச் சரக்கு அடுக்குற ராக் வரையிற ஆள். அளவில்லாம வரைய எனக்குக் கை வராது. டேப் பிடிச்சு அளந்து, சுவர், கதவு, அலமாரின்னு ஒவ்வொண்ணையும் கட்டத்துல ஏத்தினேன். எது பார்வையை மறைக்கும், எது மறைக்காதுன்னும் அந்த மென்பொருளுக்குச் சொல்லணும். வெறும் கண்ணாடின்னா பார்வை போகும். ஸ்டிக்கர் ஒட்டின கண்ணாடின்னா போகாது.

— அதைத் தெரிஞ்சுக்கிட்டு அது என்ன பண்ணப் போகுது?

— படத்துல ஒரு பொம்மையை ஒரு இடத்துல வெச்சா, அங்கேர்ந்து என்னென்ன தெரியும்னு அதுவே கணக்குப் போட்டு மஞ்சளாக் காட்டும். மிச்சமெல்லாம் இருட்டு. விளையாடுறவங்க திரையில அவங்கவங்க பொம்மைக்குத் தெரியுறது மட்டும்தான் வரும். கதை நடத்துற ஆளோட திரையில பூதத்துக்கு என்ன தெரியுதுங்கிறதும் வரும். நேத்துக் கூட்டத்துல திறந்தது என்னோட திரை.

— அதைத்தானே நானும் சொல்றேன். தப்பு நடந்து போச்சு.

— திறந்தது தப்பு. மூடாம விட்டது தப்பில்ல.

— என்னது?

— மூடுற பட்டன் மேல மவுஸ் போயாச்சு. அப்பத்தான் அக்கவுண்ட்ஸ் பொண்ணைப் பாத்தேன். எல்லாரும் சிரிச்சிட்டிருந்தாங்க, அவ மட்டும் சிரிக்கல. படத்துல அவ மேசையையே பாத்துட்டிருந்தா. நான் கையை எடுத்துட்டேன்.

— அவ மேசையில என்ன இருந்துச்சு?

— மஞ்சள் எங்க விழுந்துச்சுன்னு நீங்க கவனிக்கலையா மேடம்?

— நான் பூதத்தைப் பாத்தேன். எல்லாரும் பூதத்தைத்தான் பாத்தாங்க.

— பூதத்துக்கு அது எவ்வளவு சௌகரியம் பாருங்க.

— உள்ள வரலாமா? வந்துட்டேன். என்ன மேடம், என் தலையில முளைச்ச கொம்பை இறக்கியாச்சா?

— பேசிட்டிருக்கோம் சார்.

— பேசுங்க, பேசுங்க. எனக்குக் கோவமே கிடையாதும்மா. நாம எல்லாம் ஒரே குடும்பம். குடும்பத்துல கேலி இல்லாமலா? வீட்டுல சொன்னேன், பசங்க விழுந்து விழுந்து சிரிச்சாங்க. தலைமை ஆபீஸ் ஆளுங்க முன்னாடி ஆகிப்போச்சு, அதான் சங்கடம். நாளைக்கு ஒரு வார்த்தை சொல்லிடு, குடும்பத்துக்குள்ளயே முடிச்சுக்கலாம்.

— சார், ஒரு சந்தேகம். உங்க அறை அந்தப் படத்துல சரியா வந்திருந்துச்சா? நாற்காலி, கண்ணாடி, வெளியில இருக்கிற அலமாரி, எதுலயாவது பிசகு இருக்கா?

— அச்சு அசல். அதைச் சொல்லியே ஆகணும். ஸ்டிக்கர் உரிஞ்ச இடத்தைக்கூட விடல நீ. கெட்டிக்காரி. அந்த மஞ்சள் மட்டும் என்னன்னு புரியல. டார்ச்சா?

— ஆமா சார். பூதத்தோட டார்ச்.

— நல்லாத்தான் யோசிக்கிறாங்க. சரி மேடம், இழுக்காம முடிங்க. நான் வர்றேன்.

— கதவைச் சாத்துங்கம்மா. நல்லாச் சாத்துங்க. அவர் வாயாலேயே அளவு சரின்னு சொல்ல வெச்சுட்டீங்க.

— கேட்டேன், சொன்னார்.

— அந்த லேப்டாப்பைத் திறங்க. மஞ்சள் எங்க விழுது?

— இதோ. இது அவரோட நாற்காலி. அறைக் கண்ணாடி முழுக்க ஸ்டிக்கர். ஒரு பட்டை மட்டும் உரிஞ்சிருக்கு, உக்காந்திருக்கிறவர் கண் உயரத்துக்கு. அதுக்கு வெளியில ரெண்டு ஃபைல் அலமாரி, நடுவுல ஒரு சந்து. அந்தச் சந்து வழியா மஞ்சள் போகுது பாருங்க. ஹால்ல இருக்கிற அத்தனை மேசையும் இருட்டுல இருக்கு, ஒண்ணைத் தவிர.

— அக்கவுண்ட்ஸ் பொண்ணோடது.

— மென்பொருள்லதான் கோளாறுன்னு நெனச்சு, சுவரையெல்லாம் அழிச்சு மறுபடி வரைஞ்சேன். மஞ்சள் நகரல. சனிக்கிழமை விளையாடுறப்ப பூதத்தை அங்க வெச்சதும் அதேதான் வந்துச்சு. யாரும் அடுத்த பகடையை உருட்டல. அப்புறம் டெஸ்பாட்ச் அண்ணன் மெதுவாச் சொன்னார்: அந்தப் பொண்ணு சேர்ந்த புதுசுல, சுவர் ஒழுகுதுன்னு சொல்லி மேனேஜர் அவரை விட்டுத்தான் அலமாரியை அங்க நகத்தினாராம். ஒழுகினது எதிர்ச் சுவர்.

— அவர் பாத்துக்கிட்டே இருக்கார்னு அவ என்கிட்ட வந்து சொன்னா.

— நீங்க என்ன பதில் சொன்னீங்கன்னும் தெரியும்.

— அவர் அவரோட நாற்காலியில உக்காந்திருக்கார், கண்ணு எங்க போகுதுன்னு எப்படிம்மா நிரூபிக்கிறதுன்னு கேட்டேன். விசாரணைன்னு போனா அதைத்தான் கேப்பாங்க.

— கண்ணு எங்க போகுதுன்னு இந்தப் படம் சொல்லாது மேடம். வேற எங்கயும் போக முடியாதுன்னு சொல்லும்.

— சிரிப்பாங்கம்மா. பூதமும் பகடையும் ஒரு ஆதாரமான்னு கேப்பாங்க.

— சிரிக்கட்டும். டேப்பைக் கையில குடுக்குறேன், அளந்து பாத்துட்டுச் சிரிக்கட்டும்.

— யானை தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்குமாம். அதைத்தான் நீங்க பண்ணிட்டிருக்கீங்க.

— பூச்சி கடிக்காம இருக்கத்தான் மேடம் யானை மண்ணைப் போட்டுக்குது.

— எதுக்கும் ஒரு பதில். வேலை போனா வேற கிடைக்குமா?

— கிடங்கு இருக்கிற ஊர்ல ராக் வேணும். எனக்குக் கிடைக்கும். அந்தப் பொண்ணை நெனச்சாத்தான் பயமா இருக்கு. மேசையை மாத்திக் குடுங்கன்னு கேட்டுக் கேட்டு அலுத்துப் போய், இந்த மாசத்தோட நின்னுக்கிறேன்னு சொல்லியிருக்கா. நான் நாளைக்கு எழுந்து நின்னு வெறும் விளையாட்டுன்னு சொன்னா, அவ உங்ககிட்ட வந்து சொன்னதும் சேர்ந்து விளையாட்டாயிடும். அவ போவா, அலமாரி அங்கயே நிக்கும், அந்த மேசைக்கு வேற ஒருத்தி வருவா. நான் சொல்ல மாட்டேன் மேடம்.

— மெதுவாப் பேசுங்க.

— மெதுவாவே சொல்றேன். சொல்ல மாட்டேன். இன்னொண்ணும் இருக்கு. அதை வாயைத் திறந்து சொல்ல வேண்டாம்னுதான் வந்தேன்.

— வந்த பிறகு என்ன? சொல்லுங்க.

— பூதத்தை மட்டும் இல்ல, எல்லா நாற்காலியிலயும் பொம்மையை வெச்சுப் பாத்தேன். இந்த நாற்காலியிலயும். உங்க ஜன்னல் வழியா அவர் கண்ணாடியில உரிஞ்ச பட்டையும் தெரியுது, அவ மேசையும் தெரியுது. ரெண்டையும் சேர்த்துப் பாக்கக்கூடிய இடம் இந்த ஆபீஸ்லயே இது ஒண்ணுதான். இங்க உக்காந்துக்கிட்டுத்தான் எப்படி நிரூபிக்கிறதுன்னு அவளைக் கேட்டிருக்கீங்க.

— லேப்டாப்பை இந்தப் பக்கம் திருப்புங்க.

— மேடம்? திட்டணும்னா திட்டுங்க. கேட்டுக்குறேன்.

— எச்.ஆர். ஆனப்போ மேல் மாடியில எனக்குப் பெரிய அறை குடுத்தாங்க. வெளிச்சமா, தனி வாசலோட. எனக்கு வேண்டாம், ஹாலைப் பாத்த இந்தப் பொந்துதான் வேணும்னு அடம்பிடிச்சேன். மறை கழண்ட கேஸ்னு என் காதுபடவே பேசினாங்க.

— இந்த ஜன்னலுக்காகவா?

— பாத்துக்கிட்டே இருந்தா பயப்படுவார்னு நெனச்சேன். அவர் பயப்படல. நான்தான் பாத்துப் பாத்துப் பழகிட்டேன். சரி, அதை விடுங்க. நாளைக்கு இந்தப் படத்தை மறுபடியும் திரையில போட முடியுமா? தலைமை ஆபீஸ் ஆளுங்க நாளைக்கும் இருப்பாங்க.

— முடியும். என்னை எழுந்து நிக்கச் சொன்னீங்களே?

— நீங்க உக்காந்து படத்தை ஓட்டுங்க, நான் நிக்கிறேன். ஆனா ஒரு திருத்தம் பண்ணணும்.

— அளவு எதுவும் தப்பா மேடம்?

— அளவெல்லாம் சரி. டெஸ்பாட்ச் அந்த அலமாரியைப் புது இடத்துக்கு நகத்தினதா சொன்னது மட்டும் தப்பு. முன்னாடி இருந்த இடத்துக்கே திருப்பி வெச்சிருக்கார். அந்த மேசையில இன்னொரு பொம்மையும் வைங்கம்மா. அலமாரி முதல் தடவை அங்க வந்தப்போ அந்த நாற்காலியில நான்தான் உக்காந்திருந்தேன்.