அபாதான் அடங்கும்வரை காபி இல்லை

— பரமபத வாசலே திறந்து மூடியாச்சு வேதம், நம்மாத்துக் காபி டப்பாவை இன்னும் திறக்கலையே!

— ஏன்னா, காலங்கார்த்தால ஆரம்பிச்சுட்டேளா? சுக்குக் கஷாயம் ஆறிப் போறது, குடிங்கோ.

— முதல்ல தீபாவளி வரைக்கும் காபி கிடையாதுன்னே. சரின்னேன். அப்புறம் வைகுண்ட ஏகாதசி வரைக்கும்னு நீட்டினே. இப்போ தை மாசமும் பாதி போயாச்சு. டில்லியில போட்ட எமர்ஜென்சியையே எடுத்துட்டா. உன்னுது மட்டும் அனுமார் வால் மாதிரி நீண்டுண்டே போறது.

— அவா எதுக்குப் போட்டா, எதுக்கு எடுத்தான்னு நான் கண்டேனா?

— நான் சொல்றேன் கேளு. எழுபத்தொண்ணுல பாகிஸ்தான் சண்டைக்குன்னு ஒண்ணு போட்டா. சண்டை ரெண்டு வாரத்துல முடிஞ்சு போச்சு. எமர்ஜென்சி அஞ்சு வருஷம் உட்கார்ந்துண்டிருந்தது. வெளிநாட்டுல கலகம்னா போறும், ஆளறவாளுக்கு அது ஒரு சாக்கு.

— எனக்கு இது சாக்கா? என் பிள்ளை ஈரான்ல மாட்டிண்டிருக்கான். அவன் இருக்கற அபாதான் ஊர்ல தெருவெல்லாம் நெருப்புன்னு ரேடியோல கேட்டு வந்து சொன்னது யாரு?

— என் வாய்க்கொழுப்பு, சொன்னேன். அதுக்காக, அவன் பத்திரமா வரணும்னு வேண்டிண்டது நீ, காபியை விடறது நானா? இது எந்த ஊர் நியாயம்?

— என்கிட்ட விடறதுக்கு என்ன இருக்கு? இந்த ஆத்துல ஒருத்தர் உசிரை விடற வஸ்து உங்க காபி ஒண்ணுதான். பெருமாள் கண்ணுக்கும் அதுதான் பெரிசாப் படும்.

— தாயார் சன்னதியில அப்பீல் பண்ணிடறேன், பாரு.

— தாராளமாப் பண்ணுங்கோ. தாயார் என் கட்சி.

— ஒரு ஓட்டாவது எடுடி. பார்லிமெண்ட்ல கூட கையைத் தூக்கச் சொல்லிட்டுத்தான் நீட்டறா.

— எடுத்தாப் போச்சு. உங்களுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. சமமா நின்னா ரங்கநாதரைத்தான் கேட்கணும். அவர் சயனத்துல இருக்கார். எழுந்துண்டதும் சொல்றேன்.

— ஈரான் ராஜாவே பிளேன் ஏறி ஓடிட்டார். இன்னும் என்னத்துக்கு எனக்குத் தண்டனை?

— ராஜாவுக்குச் சொந்தப் பிளேன் இருக்கு. நம்ம பராசரனுக்கும் அவன் சிநேகிதன் கியாசுதீனுக்கும் யார் பிளேன் விடறா? ஒரே ரூம்ல இருக்கோம், ஒருத்தருக்கொருத்தர் துணைன்னு எழுதினதோட சரி. மார்கழியிலேர்ந்து ஒரு லெட்டர் கிடையாது.

— சரி, சரி, கண்ணைத் துடைச்சுக்கோ. எனக்கு மட்டும் தூக்கம் வர்றதா? காபியைப் பத்திச் சண்டை போட்டுண்டிருந்தா அவனைப் பத்தி நினைக்காம இருக்கலாம். அதுக்குத்தான் உன்னைச் சீண்டிண்டே இருக்கேன்.

— அது தெரியாமலா இத்தனை நாளா பதில் சொல்லிண்டிருக்கேன்? அது போகட்டும், நேத்திக்கு வடக்குச் சித்திரை வீதி ஹோட்டல் வாசல்ல நின்னேளாமே?

— நின்னேன். மூக்கு மட்டும்தான் உள்ளே போச்சு. அதுக்கும் தடையா?

— மூக்குக்கு விலக்கு உண்டு. நாக்கு உள்ளே போச்சுன்னு தெரிஞ்சுது, அப்புறம் இருக்கு... யாரோ வாசல்ல கூப்பிடறாப்பல இருக்கே?

— அண்ணே! மாமி! கதவைத் திறங்க!

— அட, கமருன்னிசாம்மா! வாங்கோ, வாங்கோ. பாலக்கரையிலேர்ந்து இத்தனை காலம்பற? உங்க பிள்ளை கியாசுகிட்டேர்ந்து ஏதாவது...

— இருங்க மாமி, மூச்சு வாங்குது. பாலத்துக்கிட்ட பஸ்ஸு நின்னுபோச்சு, மிச்ச தூரம் ஓடியே வந்தேன். எங்க தம்பி கடைக்கு பம்பாயிலேருந்து டிரங்க் கால். உங்க பராசரன்தான் பேசினான்! வந்து எறங்கிட்டான் மாமி!

— ரங்கா! என் ரங்கா! நிஜமாவா?

— அல்லாஹ் கொண்டாந்து சேர்த்துட்டான். நல்லாருக்கேன், அம்மாவை அழ வேணாம்னு சொல்லுங்க, நாளைக்கு ரயில் ஏறுறேன்னான். பசி பசின்னு வேற சொன்னான்.

— ஏன்னா, கேட்டேளா?

— கேட்டேன் வேதம். கொஞ்சம் உட்கார்ந்துக்கறேன்.

— உட்காருங்கோ, ரெண்டு பேரும் உட்காருங்கோ. பால் காய்ச்சி எடுத்துண்டு வரேன். நேத்திக்குத்தான் புதுப்பொடி வாங்கி ஒளிச்சு வச்சேன்.

— அடிப்பாவி, ஆத்துக்குள்ளயே கடத்தலா?

— போங்க மாமி, மொத டம்ளர் அண்ணனுக்கு. மனுசன் மூணு மாசமா வாடிப் போயிட்டாரு.

— கமருன்னிசாம்மா, அவ உள்ளே போயிட்டா. இப்போ சொல்லுங்கோ. கியாசு எங்கே?

— அவனும் வந்துருவான் அண்ணே.

— பம்பாய்லதானே இருக்கான்?

— இல்லைண்ணே. டெஹ்ரான் வரைக்கும் ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் வந்திருக்காங்க. அந்தப் பிளேன்ல பராசரனுக்கு மட்டும்தான் எடம் கெடச்சுச்சாம். கியாசுக்கு அடுத்த பிளேன்னு சொன்னாங்களாம். அதுக்குள்ள ஏர்போர்ட்டையே மூடிட்டாங்களாம்.

— ஐயோ! இதை ஏன் வந்ததும் சொல்லலை?

— மாமி சிரிச்சு எத்தனை நாளாச்சு! அந்தச் சிரிப்பை என்னத்துக்குக் கெடுக்கணும்? பஸ்ஸுலயே அழுது தீத்துட்டேன் அண்ணே. கண்டக்டரு எங்கிட்ட டிக்கெட்டே கேக்கல.

— அழாதீங்கோம்மா. கெட்டிக்காரப் பையன் அவன்.

— கெட்டிக்காரன்தான். பசி மட்டும் தாங்க மாட்டான் அண்ணே, அதான் கவலை.

— என்ன ரகசியம் ரெண்டு பேருக்கும்? இந்தாங்கோ, நுரை ததும்பத் ததும்ப! கமருன்னிசாம்மா, உங்களுக்கும்தான். ஏன் கண்ணெல்லாம் சிவந்திருக்கு?

— ஒண்ணுமில்ல மாமி, ஓடியாந்ததுல தூசி விழுந்துருச்சு. அண்ணே, ஆறிடப் போவுது, குடிங்க.

— ஏன்னா, டம்ளரைக் கையில வச்சுண்டு என்ன யோசனை? நான்தான் எமர்ஜென்சியை எடுத்துட்டேனே, குடிங்கோ!

— வாசனை ஜோரா இருக்கு வேதம். ஆனா இதை உள்ளே எடுத்துண்டு போயிடு. கியாசுவுக்குப் பிளேன் கிடைக்கலை, அவன் வந்து கமருன்னிசாம்மா கையால ஒரு வாய் சோறு திங்கற வரைக்கும், எமர்ஜென்சியை நான் நீட்டிச்சிருக்கேன்.