முதல் கையெழுத்து

தலைமை வகிக்கும் அபூதாஹிர் ஹாஜியார் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் கட்சிப் பெரியோர்களே, தாயை இழந்து நிற்கும் ஆதிலா அவர்களே, நூறு கதிரை போட்ட மண்டபத்துக்கு வந்திருக்கும் நாற்பது பேரான சபையோரே! துயரத்தோடு வணங்குகிறேன்.

எங்கள் மக்கள் குழுவின் செயலாளர் சித்தி பரீதா ரீச்சர் மறைந்து எட்டு நாட்கள். பதினாறு வருடம் அவர் செயலாளர், இந்தச் சிவகுருநாதன் தலைவர். எங்கள் வேலை என்ன? அரசியலின் பேரால் எவர் எவரை அடித்தாலும் கண்டன அறிக்கை விடுவது. அதற்கு ரீச்சர் ஒரு வழமை வைத்திருந்தார். அடித்தவர் எந்தச் சமூகமோ, அந்தச் சமூகத்தவரின் கையெழுத்துத்தான் முதலில் வரவேண்டும்!

ஒரு தேர்தலில் அவருடைய சொந்த மச்சான் நின்றார். மச்சானின் ஆட்கள் கப்பல்துறையில் சுகிர்தன் என்ற தொண்டரின் காலை முறித்தார்கள். அன்று பின்னேரமே ரீச்சர் அறிக்கையில் மச்சானின் பெயரை எழுதி, முதல் கையெழுத்தை இட்டார். அந்தப் பெருநாளுக்கு அவர் வீட்டுக்குச் சொந்தக்காரர் ஒருவரும் போகவில்லை. "மிஞ்சிப் போச்சு சேர்" என்று வட்டிலாப்பம் கொண்டுவந்து தந்தார். மூடியைத் திறந்தால், கத்தியே படாத முழு வட்டிலாப்பம்!

"கண்டிச்சா முறிஞ்ச கால் பொருந்துமா ரீச்சர்?" என்று நானே கேட்டிருக்கிறேன்.

"பொருந்தாது சேர். ஆனா எங்கட பேரச் சொல்லி அடிச்சவன் எங்களிட்ட நன்றி எதிர்பாக்கக் கூடாதுதானே" என்றார்.

பிறகு என் முறை வந்தது. கடந்த உள்ளூராட்சித் தேர்தலில் உப்புவெளியில் றிஸ்வி என்ற தொண்டரை அடித்தார்கள். ஒரு கண் போயிற்று. அடித்தவர்கள் எங்கள் ஆட்கள். நான் என்ன செய்தேன்? 'இனந்தெரியாத நபர்கள்' என்று எழுதிக்கொண்டு போனேன். ரீச்சர் வாசித்துவிட்டு, "சேர், உங்களுக்கு அவங்களத் தெரியாதா?" என்று மட்டும் கேட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. தாளை மடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அவர் வேறு தாளில் எழுதினார். இரண்டாம் இடத்தில் தன் கையெழுத்தை வைத்து, முதல் இடத்தை எனக்காக விட்டார். மாதம் ஒருமுறை தொலைபேசியில், "இண்டைக்கு ஏலுமா சேர்?" என்பார். "ஏலாது ரீச்சர்" என்பேன். ஏழு மாதம்! எட்டாம் மாதம் அழைப்பு வரவில்லை. அந்தத் தாளை நேற்று ஆதிலா கொண்டுவந்து தந்தார்.

சபையோரே! ரீச்சரின் பணியைத் தொடர்வோம் என்று எனக்கு முன்னே பேசியவர்கள் எல்லோரும் உறுதி சொன்னீர்கள். எந்த வாயால் தொடர்வது? யார் தொடங்குவது?

நான் தொடங்குகிறேன். றிஸ்வியை அடித்தவர்களை எனக்குத் தெரியும். அடித்த கம்பியைப் பிடித்திருந்தவன் என் மகன் தர்சன். அதோ, கடைசி வரிசையில் இருக்கிறான். தர்சன், நீ செய்தது அநியாயம்! உன் அப்பாவாக நான் அதைக் கண்டிக்கிறேன். நாளை பொலிஸிலும் இதையே சொல்வேன்.

இதோ, கையெழுத்திட்டுவிட்டேன்.

தர்சன் எழும்பிப் போகிறான். அவனுடைய அம்மாவும் போகிறா. போகட்டும். அறிக்கையை முழுதாக வாசித்துவிட்டுத்தான் நான் இந்த மேடையை விட்டு இறங்குவேன்.