மூன்றாம் முறை கேட்காத நியூஜெர்சிக்காரர்

அவைத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் மேயர் மார்லிஸ் அம்மையார் அவர்களே! அறுவடை விருந்துக்காக அடுப்பனலில் வெந்த அன்புத் தாய்மார்களே! பின்வரிசையைப் பிறப்புரிமையாகப் பிடித்துக்கொண்ட பெரியோர்களே! வடக்கு டகோட்டாவின் வயல்வெளிச் செல்வங்களே! சிக்ரிட்டின் வணக்கம்.

நம் வழக்கம் நமக்குத் தெரியாதா? ஒருவர் காப்பி நீட்டினால் முதல் முறை வேண்டாம் என்போம். இரண்டாம் முறையும் வேண்டாம் என்போம். மூன்றாம் முறைதான் கை நீளும். பண்பாடா? பண்பாடுதான். பாழாய்ப்போன பண்பாடு!

சென்ற ஏப்ரலில் ஆறு பெருகியபோது, என் கணவர் ஆர்விட் தன்னந்தனியாக வாசலில் மணல் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தார். மூட்டை அணையோ முழங்காலளவு. வரப்போகும் தண்ணீரோ இடுப்பளவு. அப்போது நியூஜெர்சியிலிருந்து உதவிக்கு வந்த வின்ஸ் கார்போன், தன் ஆட்களோடு லாரியை நிறுத்தினார்.

"பெரியவரே, கை குடுக்கட்டுமா?"

"வேணாம்ப்பா, நானே சமாளிச்சுக்குவேன்."

"சரிங்க!"

லாரி போயே போய்விட்டது! சிரிக்கிறீர்களா? அவர் ஊரில் வேண்டாம் என்றால் வேண்டாம்தான், ஐயா!

"இன்னும் ரெண்டு தடவ கேப்பான்னு நெனச்சேன், சிக்ரிட்" என்றார் இவர். எனக்கு வந்ததே கோபம்!

"வீடு முங்கப் போவுது, உங்களுக்கு உபசாரம் கேக்குதா? ஓடுங்க!"

நாற்பது ஆண்டுகளாகக் குரல் உயர்த்தாத மனிதர், லாரியைத் துரத்திச் சேற்றில் ஓடினார். தொண்டை கிழியக் கத்தினார்: "வாங்கடா! எல்லாரும் வாங்கடா!"

'ஆர்விட்டா கத்தினார்?' என்று யாரோ கேட்கிறீர்கள். ஆமாம் ஐயா, சாட்சாத் ஆர்விட்தான்!

லாரி திரும்பியது. "இத மொதல்லயே சொல்லித் தொலைச்சா என்னய்யா!" என்று இறங்கினார் வின்ஸ். வாயில் வசவு, தோளில் மூட்டை! மாலைக்குள் அணை எழுந்தது. அணையின் உச்சிக்கு ஒரு சாண் கீழே வெள்ளம் நின்றது. எங்கள் வீடு பிழைத்தது.

நியூஜெர்சிக் கடலோரம் கத்திப் பேசும், நம் சமவெளி அடக்கிப் பேசும். அதனாலென்ன? எல்லோரும் ஒரே குரலில் பேசினால்தான் ஒரே நாடா? இல்லை! ஒருவன் குரல் கேட்டு இன்னொருவன் லாரியைத் திருப்புகிறானே, அதுதான் நாடு! அதுதான் அமெரிக்கா!

அன்பர்களே, சென்ற வாரப் புயலில் வின்ஸின் தெருவே கடல்நீரில் கிடக்கிறது. நேற்று ஆர்விட் தொலைபேசியில், "நாங்க வரட்டுமா?" என்றார்.

"வாய்யா! சீக்கிரம் வா!" என்றது மறுமுனை.

நாளைக் காலை ஆறு மணிக்கு எங்கள் தானிய லாரி இந்த மண்டபத்து வாசலிலிருந்து நியூஜெர்சிக்குப் புறப்படுகிறது. யார் யார் வருகிறீர்கள்? நான் ஒரே ஒரு முறைதான் கேட்பேன்!

செவிமடுத்தவர்களுக்கு நன்றி. கையுறையோடு வருபவர்களுக்குக் கூடுதல் நன்றி. வணக்கம்!