நிலாக்குட்டி

மலையிலிருந்து போளூருக்கு இறங்கும் காலைப் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இருந்த பெண் சொன்னாள்: "எம் பொண்ணு கண்ணுல நெலா இருக்குதுன்னு வூட்ல எல்லாரும் கொண்டாடுனோம்."

அவள் மடியில் மூன்று வயது மகள், ஒரு கண்ணில் கட்டோடு. பக்கத்தில் கைக்குழந்தையோடு இருந்த இளம்பெண், "இன்னாக்கா சொல்ற?" என்றாள்.

"வெளக்கு வெளிச்சத்துல ஒரு கண்ணு மட்டும் வெள்ளையா மின்னும். இவங்கப்பா நெலாக்குட்டின்னுதான் கூப்புடுவாரு. அப்புறம் அந்தக் கண்ணு மாறுகண்ணா திரும்பிச்சு. ஆஸ்பத்திரிக்குப் போலாம்னேன். கொலசாமிக்கு முடி எறக்காத புள்ளைய மலையவிட்டு எறக்கக்கூடாதுன்னு வூட்ல சொல்லிட்டாங்க. திருவிழா வர்றதுக்கு எட்டு மாசம் ஆச்சு. அதுக்குள்ள உள்ள கட்டி பெருசாய்டுச்சு. புத்துநோயாம். உயிரக் காப்பாத்தக் கண்ணையே எடுத்துட்டாங்க."

இளம்பெண் தன் குழந்தையை இறுக அணைத்துக்கொண்டாள்.

"எனக்குப் புதுக் கண்ணு வெக்கப் போறாங்க," என்றது கட்டுப் போட்ட குழந்தை, பெருமையாக.

"ஆமாண்டி தங்கம்," என்று அதன் கன்னத்தில் முத்தமிட்டுவிட்டு, அவள் பக்கத்துக் குழந்தையின் குல்லாவைத் தூக்கிப் பார்த்தாள். உள்ளே சுருள் சுருளாக முடி.

"இன்னும் முடி எறக்கல போலக்கீது. எப்படிக் கூட்டினு வந்த?"

"தடுப்பூசி போடக்கா. வூட்ல சொல்லல."

"எனக்கு இந்தத் தைரியம் வரலயே. டாக்டருகிட்ட அப்படியே கண்ணையும் பாக்கச் சொல்லு."

"சாமி கோச்சுக்காதாக்கா?"

"கோச்சுகினா எங்கிட்ட அனுப்பு. நான் பேசிக்கிறேன்."