மற்றப் பக்கத்து மேடை

ஜப்பானில் எங்களைப் போன்ற சைவக்காரருக்குச் சாப்பாடுதான் கொஞ்சம் சிரமம். எதை வாங்கினாலும் அதற்குள் ஒரு மீன் வாசம் இருக்கும். அதனால் புறப்படும்போதே எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பென்டில் ஹில் தமிழ்க் கடையில், நாள்பட்டாலும் கெடாத பருத்தித்துறை வடை வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டேன். அவருக்கு அது நல்ல விருப்பம். கடைசி நாள் காலையிலும் கையில் கொடுத்துத்தான் வந்தேன். அவரை நான் பட்டினி போட்டதில்லை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

என் பெயர் சத்தியபாமா. கிரவீனில் இருக்கிறோம், இருந்தோம். அவர் என் கணவர் சிறிதரன், இங்கே ரயில்வேயில் சிக்னல் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரே மகள் துவாரகா மெல்பேர்னில், டார்னெய்ட்டில் படிப்பிக்கிறாள். பொலிஸில் உங்களுக்கு அறிவித்தது அவள்தான். அவள் செய்தது சரி. மொழிபெயர்க்கும் இந்தப் பிள்ளைக்கு ஏதும் விளங்காவிட்டால் என்னை நிறுத்திக் கேட்கலாம். எனக்கு அவசரம் இல்லை.

அவர் அடிப்பாரா என்று கேட்டீர்கள். இல்லை. ஒருநாளும் கை நீட்டியதில்லை. குடிக்கவும் மாட்டார்.

என் அம்மா யாழ்ப்பாணத்தில் இறந்தபோது அந்தத் தொலைபேசி அழைப்பு அவருக்குத்தான் வந்தது. அன்று சனிக்கிழமை. அலுவலகத்துப் பெரியவர்களைச் சாப்பிட அழைத்திருந்தார். பதவி உயர்வு வரும் என்று எதிர்பார்த்த நேரம். நான் குசினியில் மரக்கறி றோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தேன். அவர் வந்து, எண்ணெய் போதுமோ என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். வந்தவர்களுக்கு நான் சிரித்துச் சிரித்துப் பரிமாறினேன். அடுத்த நாளும் போனது. அதற்கும் அடுத்த நாள் காலை, தேநீர் குடிக்கும்போதுதான் சொன்னார். அதற்குள் அங்கே எரித்து முடித்துவிட்டார்கள்.

"ஏன் அப்பவே எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா நீர் அழுதுகொண்டு நிப்பீர். வந்த ஆக்களுக்கு ஆர் சாப்பாடு போடுறது?"

கோப்பையை என்னிடம் தந்துவிட்டு வேலைக்குப் போனார். பிறகு அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. நான் காத்திருந்தேன். பெரிய மன்னிப்பு ஒன்றும் வேண்டாம். "அது பிழைதான்" என்ற ஒரு சொல் போதும். வயது போனால் மனது இளகும், வீட்டில் நாங்கள் இரண்டு பேருமாகத் தனித்திருக்கும் ஒருநாள் அவராகவே சொல்லுவார் என்று நம்பினேன். சமைத்தேன், பிள்ளையை வளர்த்தேன், அவருடைய சட்டைகளை இஸ்திரி போட்டேன், உள்ளே காத்துக்கொண்டே இருந்தேன்.

வயது போனது. அவருக்கு மறதி நோய் வந்தது.

நோய் வந்த பிறகு அவர் நல்ல மனுசனாகிவிட்டார். இதை யாரும் நம்புவதில்லை, ஆனால் நடந்தது. தேநீர் கொடுத்தால் நன்றி சொல்வார். வெளியே போகும்போது என் செருப்பை எடுத்து வைப்பார். கோயிலில் காண்கிற பிள்ளைகள், "அங்கிள் தங்கமான மனுசன். நீங்கள் குடுத்து வச்சனீங்கள், அன்ரி" என்பார்கள். நானும் தலையாட்டுவேன்.

காலையில் எழும்பியதும் என்னிடம் கேட்பார்: "உம்மட அம்மா சுகமா இருக்கிறாவோ? ஒருக்கா போன் எடுத்துக் கதையுமன்."

"அம்மா செத்துப்போனா."

"எப்ப? எனக்கு ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை?"

இப்படிக் கேட்டுவிட்டு வாய் கோணக் கோண அழுவார். மறைக்காமல் சொல்கிறேன், அவர் அழுவதைப் பார்க்க முதலில் எனக்கு நன்றாக இருந்தது. அவர் கேட்க மறந்த நாட்களில் நானே அம்மாவின் பேச்சை எடுத்தேன். ஆனால் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தால் எல்லாம் போய்விடும். பசியோடும் சிரிப்போடும் கதிரையில் வந்து இருப்பார். செய்தவர் மறந்துவிட்டார். பட்டவள் மட்டும் மிஞ்சினேன்.

ஜப்பான் ரயில்களைப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அறிவு முழுதாகப் போவதற்குள் காட்டிவிடுவோம் என்று துவாரகாதான் டிக்கெட் போட்டாள். பள்ளிக்கூட வேலையால் அவளுக்கு வர முடியவில்லை. ஹோட்டலின் பெயரையும் என் தொலைபேசி எண்ணையும் ஜப்பானிய எழுத்தில் ஓர் அட்டையில் அடித்து, அவருடைய குளிர்ச்சட்டையின் உள்பையில் ஊசி குத்தி அனுப்பினாள். கெட்டிக்காரப் பிள்ளை.

அந்த நகரத்தின் பெயர் உங்களிடம் இருக்கிறது. என் வாயில் அது நுழைவதில்லை. ஹோட்டலுக்குப் பக்கத்து நிலையத்தை இரண்டு ரயில் பாதைகள் பங்கு போடுகின்றன. ஒன்று நகரத்துக்குள் ஓடுவது, மற்றது மலைக்குப் போவது. இரண்டும் வேறு வேறு கொம்பனிகள். கூரை ஒன்றுதான், ஆனால் வாசல் வேறு, சீருடை வேறு, மேடை வேறு. நடுவே இரண்டுக்கும் பொதுவான ஒரு நடைபாதை, அதில் ஆட்கள் உட்காருகிற ஒரு வாங்கு. அங்கே போனதும் அவருக்குப் பழைய மூளை திரும்பிவிட்டது போல இருந்தது.

"பாரும், இவையின்ர தண்டவாளம் அகலம், அவையின்ர ஒடுக்கம். இதில ஓடுறது அதில ஒருநாளும் ஓடாது" என்று சந்தோசமாக விளக்கினார்.

நான் என் குடையை அந்த வாங்கில் மறந்துபோய் விட்டுவிட்டேன். மறுநாள் போய், இந்தப் பக்கத்து அலுவலரிடம் சைகையால் கேட்டேன். அவர் பணிவாகக் குனிந்து அந்தப் பக்கத்தைக் காட்டினார். அந்தப் பக்கத்துக்காரரும் குனிந்து இந்தப் பக்கத்தைக் காட்டினார். கடைசியில் பார்த்தால் குடை அதே வாங்கில்தான் கிடந்தது. மற்றவர்களுடைய பொருள் என்று இரண்டு பக்கத்தாரும் தொடாமல் விட்டிருக்கிறார்கள். அன்று எனக்கு நல்ல நித்திரை வந்தது.

கடைசி நாள் காலையில் பனி கொட்டியது. அவருக்குக் குளிர்ச்சட்டை போட்டுவிடும்போது அந்த அட்டையைக் கழற்றி என் கைப்பைக்குள் வைத்தேன். நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் வாங்கில் இருத்தி, வடையைக் கொடுத்தேன். அவருக்கு ஒரு சந்தர்ப்பம் கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன். நியாயமாக நடக்க விரும்பினேன்.

"இஞ்சாருங்கோ, அம்மா செத்ததை எனக்கு ஏன் அப்பவே சொல்லேல்லை?"

அவர் வடையை மென்று முடித்தார். "ஆர் செத்தது?" என்றார். பிறகு என் கையை எடுத்துத் தன் கைகளுக்குள் வைத்துத் தேய்த்தார். "உமக்குக் கை குளிருது."

"இதிலேயே இருங்கோ. வாறன்."

"ஓம். கெதியா வாரும்."

நான் நகரப் பாதையின் வாசலால் உள்ளே போனேன். அந்த மேடையில் நின்றால் கண்ணாடி வழியாக வாங்கு தெரியும். ரயில் வருவதற்குள் அவர் என்னைக் கண்டுவிட்டார். முகம் மலர்ந்து கை காட்டினார். நானும் கை காட்டினேன். ரயில் வந்தது, ஏறினேன்.

ஒரு பூங்காவில் பகலைக் கழித்தேன். பின்னேரம் திரும்பி வந்தபோது வாங்கில் அவர் இல்லை. நகரப் பாதையின் மேடையில் வைத்துத்தான் அவரைத் தவறவிட்டேன் என்று பொலிசாரிடம் சொன்னேன். அவர்கள் அந்தப் பாதையின் நிலையங்கள் எல்லாவற்றிலும் தேடினார்கள். மிக அக்கறையாகத் தேடினார்கள். அவரோ மற்ற ரயிலில் ஏறியிருக்கிறார். மலையில் கடைசி நிலையத்தில் இறங்கி, என்னைத் தேடித்தான் நடந்திருப்பார். மறுநாள் பனிக்குள் கண்டெடுத்தார்கள்.

செத்தவீடு முடிந்த பிறகும் துவாரகா, டிக்கெட் போட்டது நான்தானே என்று சொல்லிச் சொல்லிச் சாப்பிடாமல் கிடந்தாள். ஒருநாள் திடீரென்று எழும்பி இருந்து கேட்டாள்.

"அம்மா, நான் அட்டை குத்தி விட்டனான் எல்லோ? பிறகேன் ஒருத்தரும் உங்களுக்குப் போன் எடுக்கேல்லை?"

"நான் கழட்டினனான்."

"பட் வை, ஏன் அம்மா? அப்பாவுக்கு ஒண்டுமே தெரியாதே."

என் வழக்கறிஞர் நரசிம்மன், நோயாளியைப் பார்த்துப் பார்த்துக் களைத்துப்போன மனைவி என்று சொல்லலாம் என்கிறார். நல்ல மனுசன். ஆனால் நான் களைத்திருக்கவில்லை. நோய் வந்த பிறகு அவரோடு இருப்பது லேசு.

மகள் கேட்டதற்கு என் பதிலை இப்போது எழுதிக்கொள்ளுங்கள். எனக்குப் பிழை செய்த சிறிதரன் எங்கள் வீட்டுக்குள்ளேயே, எந்த நாளென்று தெரியாமல், சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே போய்விட்டார். அவரை என்னால் பிடிக்க முடியவில்லை. அந்த வாங்கில் இருந்தது வேறொருவர், எனக்கு ஒரு தீங்கும் செய்யாதவர். கை காட்டும்போதே எனக்கு அது தெரியும். ஆனால் என் கையில் அகப்பட்டவர் அந்த மனுசன்தான்.