பண்டாரி இக்பாலோட மாஸ்க்கு

கழட்ட மாட்டேன் தம்பி. நீங்க சொன்னாலும் கழட்ட மாட்டேன், தொழ வைக்கிற ஹஜ்ரத்தே வந்து சொன்னாலும் கழட்ட மாட்டேன். ஆமாங்க, ரெண்டு ஊசியும் போட்டாச்சு. போன வருஷம் கொரோனா வந்து படுத்து எந்திரிச்சேன்ல, அதுக்கப்புறம் ஒண்ணு, இன்னும் கொஞ்ச நாள் கழிச்சு ஒண்ணு. ரெண்டு கையும் வீங்குனதுதான் மிச்சம். அதுக்காக மூஞ்சியத் திறந்து போட்டுகிட்டு அலையணுமா? இப்படி நிழலுக்கு வாங்க, அனல் அடிக்குது பாருங்க. பள்ளிவாசல் பின்கட்டுல இந்த ஒத்தப் பூவரச மரந்தான் நமக்கு ஏசி.

உங்க விஷயம் ஞாபகம் இருக்கு, அவசரப்படாதீங்க. போலகத்துல தங்கச்சி கல்யாணம், வரவேற்புக்கு பிரியாணி, இந்த இக்பால் கைதான் வேணும். ரொம்ப சந்தோஷம். ஆனா இன்னிக்கு எம் மனசெல்லாம் இந்தச் சட்டியிலதான் கெடக்கு. கொரோனாவால ரெண்டு வருஷமா இங்க நோன்புக் கஞ்சி காய்ச்சல. இன்னிக்கு மொத நோன்பு, இன்னிக்குத்தான் மறுபடி அடுப்பப் பத்த வச்சோம். சாயங்காலம் அசர் தொழுகை முடிஞ்சதும் பட்டினமே தூக்குவாளியோட வந்து நிக்கும். உங்க போலகத்து ஆளுங்களும் வருவாங்க, புள்ளைக்கு வவுறு சரியில்ல, ஒரு கரண்டி ஊத்துங்க பாய்னு. இன்னிக்கு இந்தக் கஞ்சி மட்டும் கெட்டுச்சு, அடுத்த வருஷ நோன்பு வரைக்கும் ஊர் வாயில அரைபடுவேன்.

என்ன சிரிக்கிறீங்க? நீங்களுந்தான் மாஸ்க்கு போட்டிருக்கீங்க. ஓ, பஸ்ஸுல வந்ததுனாலயா? அது ஒரு நல்ல கூத்து தம்பி. நாகூர் போற பஸ்ஸுல பாருங்க, வாஞ்சூர் வந்ததும் பாதிப் பேரு பாக்கெட்டத் துழாவுவான். இந்தப் பக்கம் பாண்டிச்சேரி, தாண்டினா தமிழ்நாடு, போலீஸு பிடிக்குமாம். திரும்பி வர்றப்ப அதே வாஞ்சூர்ல அதே ஆளு கழட்டி உள்ள வச்சுக்குவான். எல்லை வந்ததும் கொரோனா எறங்கி டீ குடிக்கப் போயிடுமா என்ன?

காலையில ஜமாத் செக்ரட்டரி வந்துட்டாரு. ரெண்டு ஊசி போட்டவரு, வெட்டவெளியில நிக்கிறீங்க, இன்னும் என்ன பயம் பாய்ங்கறாரு. இத்தனை பேரு குடிக்கிற கஞ்சியில தும்மித் தொலைச்சா நல்லாவா இருக்கும்னேன். அப்ப சட்டிகிட்ட போறப்ப மட்டும் போடுங்கன்னாரு. இல்ல, புகைக்கும் நல்லதுன்னேன். புகை கண்ணுலல்ல போவுதுன்னாரு. விடுவேனா? பாதி மூஞ்சிய மறைச்சா பத்து வயசு கொறையுது, நீங்களும் போட்டுப் பாருங்கன்னேன். தலையில அடிச்சுகிட்டுப் போயிட்டாரு மனுஷன்.

அட, ஏன் எந்திரிக்கிறீங்க? உக்காருங்க, அடுத்த பஸ்ஸுக்கு இன்னும் நேரம் கெடக்கு. என்ன கேட்டீங்க, மூக்க மூடிகிட்டு எப்படி சமைக்கிறதுன்னா? சொல்றேன். நோன்பு வச்சுகிட்டு ருசி பாக்க முடியாதுல்ல. நாக்கு நுனியில வச்சுட்டுத் துப்பிடுங்க, பரவால்லன்னு ஹஜ்ரத் சொல்லத்தான் செய்றாரு. நமக்கு மனசு வரல. எங்க வாப்பாவும் என்னைய மாதிரி விருந்து சமைக்கிற பண்டாரிதான். மூடிய லேசா ஒதுக்கி ஆவியில மூஞ்சியக் காட்டுவாங்க, ஒரே இழுப்பு. இஞ்சி பூண்டு பச்சை வாசம் போச்சா, வெந்தயம் தூக்கலா நிக்குதா, ரம்பை எலை மணம் எறங்கிடுச்சா, எல்லாத்தையும் மூக்கே சொல்லிடும். உப்பு கை அளவு, அது தப்பாது. மாசம் பூரா ஒரு சொட்டு நாக்குல படாம காய்ச்சுவோம்.

எம் பொண்ணு நௌஷினுக்கும் அதே மூக்கு. போன வருஷத்துலேந்து நான் எங்க சமைச்சாலும் கூடவே வந்துடும். சட்டிப் பக்கமா சும்மா போற மாதிரி போயி, வாப்பா, பச்சை வாசம் போயிடுச்சுன்னு காதோட சொல்லிட்டு நகந்துடும். இன்னிக்குப் பாத்து காரைக்கால் காலேஜுல பரீட்சை. முடிஞ்ச கையோட வந்துடுறேன்னுச்சு. இப்பதான் போன் பண்ணுது, பஸ்ஸு கெடைக்கலியாம்.

இங்க என்னாச்சுன்னா, நம்மகூட வேலை பாக்குறவன் பெரிய கட்டையா ஒண்ண அடுப்புல திணிச்சுட்டு, தேங்காப்பால் எடுத்தாறேன்னு போயிட்டான். அதுலேந்து கிண்டுற துடுப்பு அடியில கனமா இழுக்குது. பருப்பு கொழைஞ்சு தடிக்குதா, அடி பிடிக்குதா, ஒண்ணும் புரியல. அடி பிடிச்சுதுன்னா இந்த நிமிஷமே வேற சட்டிக்கு மாத்தணும், இல்லன்னா கரிஞ்ச நாத்தம் மொத்தத்துலயும் ஏறிடும்.

ஆவியில மூஞ்சியக் காட்ட வேண்டியதுதானங்கறீங்களா? காட்டினேனே தம்பி. நீங்க வர்றதுக்குச் சித்த முன்னாடி, மாஸ்க்கக் கழட்டிட்டே காட்டினேன். வெந்நி ஆவி மாதிரி இருந்துச்சு. கொரோனாவுல போன வாசம், இன்னும் எனக்குத் திரும்பி வரலங்க. அத்தரும் ஒண்ணுதான், கருவாட்டுக் கூடையும் ஒண்ணுதான். நௌஷினுக்கு மட்டுந்தான் தெரியும். மாஸ்க்கு இருந்தா, மூக்க மூடியிருக்கேன், நீ பாத்து சொல்லுய்யான்னு யார்கிட்டயாச்சும் சொல்லிக்கலாம். கழட்டிட்டா அந்தச் சாக்கும் போச்சு. உங்ககிட்டயும் அப்படியே சொல்லியிருப்பேன். தங்கச்சி கல்யாணத்துக்கு என்னைய நம்பி வந்தவரு, பொய் சொல்ல வாய் வரல. நோன்பு வேற.

அதனாலதான் உங்களப் போக விடாம இவ்வளவு நேரம் பேசிகிட்டே இருந்தேன். இப்ப ஒரே ஒரு உதவி. நீங்களும் ரெண்டு ஊசி போட்டவருதான? வெட்டவெளிதான? அப்புறம் இன்னும் என்ன பயம்? அந்த மாஸ்க்கக் கொஞ்சம் கழட்டுங்க.

கிட்ட வாங்க, சுட்டுக்காதீங்க. மூடியத் தூக்குறேன், நல்லா உள்ள இழுங்க. கரிஞ்ச வாசம் ஏதாச்சும்... இருங்க, இருங்க, சொல்லாதீங்க. அட, எச்சிய முழுங்குறீங்க! அல்ஹம்துலில்லா! போதும் தம்பி, எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அந்தக் கட்டைய வெளிய இழுத்துடுறேன், அப்பதான் உசுரு வரும்.

இது என்ன, வெத்தல பாக்கா? எல்லாத்தையும் கேட்ட பொறகுமா நீட்டுறீங்க? சரி, ரெண்டு கையாலயும் வாங்கிக்கறேன். ஆனா நௌஷினுக்கும் ஒரு பத்திரிகை வச்சிடுங்க, அது வராம அன்னிக்கு எனக்கு அடுப்பே எரியாது. ஐயையோ, செக்ரட்டரி வர்றாரு. சட்டுனு மாட்டுங்க, மாட்டுங்க! கேட்டாருன்னா, பண்டாரி சொல்றதுதான் சரி, எத்தனை ஊசி போட்டாலும் மாஸ்க்கக் கழட்டவே கூடாதுன்னு நீங்களும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க, என்ன?