கணக்கில் வராத வீடு

— எல்லாரும் சரின்னு தலையாட்டினதும் முதல்ல சொன்ன ‘வேண்டாம்’ எங்க போகும்ப்பான்னு நம்ம பொண்ணு சேகார் அஞ்சு வயசுல கேட்டாளே, ஞாபகம் இருக்கா ரத்ரி? அந்தக் கேள்வியிலதான் என் மூணு வருஷ ஆராய்ச்சியே.

— இருக்கு, இருக்கு. காப்பி ஆறுதுங்க. நேத்துக் கூட்டத்துல தார்மி அக்காவோட சூப்பு வண்டி சந்துலயே இருக்கட்டும்னு முடிவாச்சே. சந்தோஷப்படாம மூஞ்சிய ஏன் தூக்கி வச்சிருக்கீங்க?

— வண்டி போயிடும்னு என் கணக்கு சொல்லிச்சு! பதினெட்டு வீடு. யாரு, யாரு பேச்சுக்கு எவ்வளவு மசிவாங்கன்னு எண் போட்டேன். பேசப் பேச மனசெல்லாம் ஒண்ணா வந்து சேரும். சந்துத் தலைவர் மார்தோ யாருக்கும் அசையமாட்டார். கார் நுழைய முடியல, வண்டிய எடுங்கறார். அப்போ எல்லாரும் அவர் பக்கம்தானே சாயணும்?

— பேசாம ஓட்டுப் போட்டிருக்கலாம்.

— ஓட்டா? நம்ம யோக்யகர்த்தா ஊருலயா? ஒரே மனசாகுற வரைக்கும் டீ குடிச்சே தீர்க்குற ஜனமாச்சே!

— அது சரி, உங்க கணக்குல பொம்பளைங்க எத்தனை பேரு?

— கூட்டத்துக்கு வீட்டுக்கு ஒரு ஆம்பளைதானே வர்றான்?

— கிழிஞ்சுது போங்க, பேராசிரியரே! நோன்புக்குப் பலகாரத்தோட வந்த தட்டெல்லாம் நம்ம வீட்டுலயே கிடந்துச்சு. வெறும் தட்டைத் திருப்பித் தர முடியுமா? வாழைப்பழ பஜ்ஜி போட்டு பதினாறு வீட்டுக்கும் நானே கொண்டு போனேன். ஒவ்வொரு அடுப்படியிலயும் ஒரே கேள்விதான்: நீ வேலைக்கு ஓடுற அன்னிக்கு உன் பிள்ளைக்குக் காலையில யாரு சூப்பு ஊத்தினா?

— அடிப்பாவி! என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?

— நான் வேடிக்கை பார்க்கிறவன், வாயத் திறந்தா ஆராய்ச்சி கெட்டுடும்னீங்களே. அதோட, எனக்கொரு பழைய கடன். நீங்க மாநாட்டுக்கு வெளிநாடு போயிருந்தப்ப வெள்ளம் வந்துச்சே, அன்னிக்கு சேகாருக்கு நெருப்பாக் காய்ச்சல். அக்கா அன்னிக்கு விக்க வேண்டிய சூப்பையெல்லாம் கவுத்துட்டு, பிள்ளைய வண்டியில உட்கார வச்சு, இடுப்பளவு தண்ணியில ஆஸ்பத்திரி வரைக்கும் தள்ளிட்டுப் போனா. அல்லாவுக்குத் தெரிஞ்சா போதும், ஊருக்கெல்லாம் சொல்லாதேன்னா. நீங்களும் சொல்லிடாதீங்க.

— ம்... மார்தோ வீட்டுக்கு நீ போகலையே?

— பொண்டாட்டிய இழந்த மனுஷன். அங்க எந்த அடுப்படியில போய் நிக்கிறது? அவர் எப்படி மசிஞ்சார்னுதான் எனக்கும் புரியல. உங்க கணக்கு என்ன சொல்லுது?

— அந்தக் கணக்கு இனி செல்லாது ரத்ரி. கட்டுரைய நான் அனுப்பப் போறதில்ல.

— ஐயையோ, ஏங்க? மூணு வருஷ உழைப்பாச்சே!

— கூட்டத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சு மார்தோவோட நான்தான் வீடு வரைக்கும் அந்த வண்டியப் பத்திப் பேசிக்கிட்டே நடந்து வந்தேன். வெள்ளம் வடிஞ்ச அன்னிக்கே சேகார் எனக்குப் போன்ல சொல்லிட்டா: அப்பா, நான் சூப்பு வண்டியில ஊர்வலம் போனேன்!